மனித மூளையும் அது கருவில் உருவாகும் விதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடற்கூறியல் வகுப்பில் மூளைப் பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. வகுப்பு முடிந்ததும் தனியாக வந்து தயங்கித் தயங்கிக் கேட்பவர்களும் உண்டு. அவர்களில் பலர் தாங்களே கர்ப்பமாக இருப்பவர்கள், அல்லது வீட்டில் யாராவது கர்ப்பமாக இருப்பவர்கள். பல வருடங்களாக ஒரு நோட்டில் குறித்து வைத்தவற்றை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மூளையின் பாகங்களை முதலில் மனப்பாடம் செய்யாதீர்கள் என்பேன். நேரான ஒரு குழாயாக இருந்தபோதிலிருந்து அதைப் பின்தொடர்ந்து வந்தால், குழப்பமாகத் தெரியும் பாதி விஷயங்கள் தானாகத் தெளிந்துவிடும். கீழே வரும் வாரக் கணக்கெல்லாம் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணியவை. வேறு கணக்கு வரும் இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1. மூளை வேற, பெருமூளை வேறயா? படத்துல தெரியிற அந்த மடிப்பு மடிப்பான உருண்டைதானே மூளை?

படத்தில் கண்ணில் படுவது பெருமூளை. அது மற்ற எல்லாவற்றின் மேலும் கவிந்து மூடியிருப்பதால் அது மட்டும்தான் மூளை என்று தோன்றுகிறது. அதன் பின்பக்கம், கீழே, மெல்லிய கோடுகளோடு ஒரு சின்ன உருண்டை தெரியும். அது சிறுமூளை. பெருமூளைக்கு அடியிலிருந்து ஒரு தண்டு இறங்கி, கழுத்தில் தண்டுவடமாகத் தொடர்கிறது. அந்த மூளைத்தண்டில் மேலிருந்து கீழாக நடுமூளை, பான்ஸ், முகுளம் என்று மூன்று பகுதிகள். பெருமூளையின் இரண்டு அரைக்கோளங்களுக்கும் நடுவே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஆழத்தில், தலாமஸும் ஹைப்போதலாமஸும் இருக்கின்றன.

எடையில் ஐந்தில் நான்கு பங்கு பெருமூளைதான். ஆனால் நியூரான்களை, அதாவது நரம்பு செல்களை, எண்ணிப் பார்த்தால் கதை மாறிவிடும். 2009-இல் வெளியான கணக்கெடுப்பின்படி மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். அவற்றில் ஏறக்குறைய 6,900 கோடி சிறுமூளையில். பெருமூளையின் வெளி அடுக்கான புறணியில் இருப்பவை சுமார் 1,600 கோடிதான். சிறுமூளையை உடல் சமநிலைக்கு மட்டும் என்று ஒரே வரியில் முடித்துவிடும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

2. ஒரு புத்தகத்துல மூணு பாகம், இன்னொண்ணுல அஞ்சு பாகம், வேற ஒண்ணுல நாலு மடல். எது சரி?

மூன்றுமே சரி. முன்மூளை, நடுமூளை, பின்மூளை என்ற மூன்று, கருவில் நான்காம் வாரத்தில் தெரியும் பிரிவுகள். ஐந்து என்பது அடுத்த வாரத்தில் அவை மேலும் பிரிந்தபின் வரும் எண்ணிக்கை. 11-ஆம் கேள்வியில் அதை விவரமாகப் பார்க்கலாம்.

மடல் என்பது பெருமூளைக்கு மட்டும் உரிய பிரிவு. நெற்றி மடல், உச்சி மடல், பொட்டு மடல், பிடரி மடல் என்ற நான்கும் அவற்றின் மேல் இருக்கும் மண்டை எலும்புகளை வைத்துப் பெயர் பெற்றவை. நிலத்தில் வேலி போட்டதுபோல மடல்களுக்கு நடுவே சுவர் எதுவும் கிடையாது.

3. சாம்பல் நிறப் பகுதி, வெள்ளைப் பகுதின்னு சொல்றாங்களே, மூளை நிஜமாவே சாம்பல் நிறமா? கெட்டியா இருக்குமா?

உயிருள்ள மூளையில் ரத்தம் ஓடுவதால் இளஞ்சிவப்பு கலந்திருக்கும். நியூரான்களின் உடல்கள் நெருங்கிக் கிடக்கும் இடம் கருமையாகத் தெரிகிறது, அதைத்தான் சாம்பல் நிறப் பகுதி என்கிறோம். அவற்றிலிருந்து கிளம்பும் நீண்ட இழைகளின் மேல் மையலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருப்பதால் அந்த இழைக் கற்றைகள் வெள்ளையாகத் தெரிகின்றன. தண்டுவடத்தில் சாம்பல் உள்ளே, வெள்ளை வெளியே. பெருமூளையில் நேர்மாறு. ஏன் தலைகீழாக இருக்கிறது என்பதற்கு 14-ஆம் கேள்வியில் பதில் இருக்கிறது.

ஆய்வகத்தில் ஃபார்மலின் என்ற, கெடாமல் காக்கும் திரவத்தில் ஊறிய மூளையைத் தொட்டவர்கள் அது ரப்பர் மாதிரி கெட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். புதிய மூளை அப்படி இல்லை, மேசையில் வைத்தால் தன் எடையிலேயே அமுங்கித் தட்டையாகும். பெரியவர்களின் மூளை சுமார் 1,300 முதல் 1,400 கிராம். மண்டைக்குள் அது மூளைத்தண்டுவடத் திரவத்தில் மிதப்பதால், அடிப்பாகத்தில் உணரப்படும் கனம் 50 கிராம் அளவுக்குத்தான். இந்தத் திரவம் எந்த நேரத்திலும் 150 மில்லிலிட்டர் போல இருக்கும், ஆனால் ஒரு நாளில் 500 மில்லிலிட்டர் வரை சுரக்கிறது. அதாவது தினமும் மூன்று தடவைக்கு மேல் புதுசாக மாறுகிறது.

4. மூளையில மடிப்பு அதிகமா இருந்தா அறிவு அதிகம்னு சொல்றது உண்மையா?

இல்லை. டால்பின் மூளையில் நம்மைவிட மடிப்பு அதிகம். மனிதர்களுக்குள் ஒருவர் மூளையை இன்னொருவர் மூளையோடு ஒப்பிட்டு மடிப்பை எண்ணி அறிவை அளக்க முடியாது.

மடிப்பு எதற்கு என்றால், இடப் பிரச்சினைக்கு. பெருமூளைப் புறணி 2 முதல் 4 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு விரிப்பு. இரண்டு பக்கமும் சேர்த்து விரித்தால் 2,000 சதுர செ.மீ.க்கு மேல் வரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு, வெளியே தெரியாமல் பள்ளங்களுக்குள் மடிந்து கிடக்கிறது. வெளி அடுக்கு உள்ளிருக்கும் பகுதியைவிட வேகமாக விரிகிறது. ஆனால் அதோடு ஒட்டியும் இருக்கிறது. அப்படிப்பட்ட விரிப்பு மடியத்தான் செய்யும்.

5. இடது மூளைக்காரங்க கணக்கு, வலது மூளைக்காரங்க கலைன்னு பிரிக்கிறாங்களே? அப்புறம், இடது மூளை ஏன் வலது கையை ஆட்டுது?

மனிதர்களை அப்படி இரண்டாகப் பிரிக்க உடற்கூறியலில் ஆதாரம் இல்லை. சில வேலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது மட்டும் உண்மை. 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, பேச்சிழந்த ஒரு நோயாளியின் மூளையில் இடது நெற்றி மடல் சிதைந்திருந்ததைக் காட்டினார். வலக்கைக்காரர்களில் 95 சதவீதம் பேருக்கு மொழித்திறன் பெரும்பாலும் இடது பக்கம் சார்ந்தது. இடக்கைக்காரர்களிலும் பத்தில் ஏழு பேருக்கு அப்படித்தான். ஆனாலும் கணக்குப் போடும்போதும் பாடும்போதும் இரண்டு பக்கமும் வேலை செய்கின்றன.

இரண்டாவது கேள்விக்கு: தசைகளுக்கு ஆணை கொண்டுபோகும் இழைகளில் 85 முதல் 90 சதவீதம் முகுளத்தின் கீழ் முனையில் எதிர்ப்பக்கம் தாண்டுகின்றன. அதனால்தான் மூளையின் இடது பக்கம் ரத்தக் குழாய் அடைத்தால் வலது கை, கால் செயலிழக்கிறது. மூளையில் எல்லாமே இப்படித் தாண்டுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சிறுமூளையின் இடது பாதி இடது உடம்பைத்தான் கவனிக்கிறது. வாசனையும் அந்தந்தப் பக்கத்திலேயே மூளைக்குள் நுழைகிறது.

6. நாம மூளையில 10 சதவீதம்தான் பயன்படுத்துறோமாமே?

இல்லவே இல்லை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள இந்த உறுப்பு, நாம் சும்மா படுத்திருக்கும்போதும் உடலின் சக்தியில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. பயன்படாத ஒன்றுக்காக உடல் அவ்வளவு செலவு செய்யாது. பக்கவாதம் மூளையின் எந்த மூலையைத் தாக்கினாலும் ஏதாவது ஒரு திறன் குறைவதைப் பார்க்கிறோம். ‘சும்மா கிடக்கும் 90 சதவீதம்’ என்று எதுவும் இல்லை.

7. கருவுல முதல்ல உருவாகிறது இதயமா, மூளையா?

துடிக்கத் தொடங்குவதில் இதயம் முந்திக்கொள்கிறது, சுமார் 22-ஆம் நாள். ஆனால் மூளைக்கான அடித்தளம் அதற்குச் சில நாள் முன்பே போடப்பட்டுவிடுகிறது. மூன்றாம் வாரத்தில், 18-ஆம் நாளை ஒட்டி, கருவின் முதுகுப் பக்கத்தில் ஒரு பட்டை தடிக்கிறது. அதுதான் நரம்புத் தட்டு. இந்த நிலையில் கருவின் நீளம் இரண்டு மில்லிமீட்டர் போலத்தான்.

8. தோலும் மூளையும் ஒரே அடுக்குல இருந்து வருதுன்னு படிச்சேன். தோல் எப்படி மூளையாகும்?

தோல் மூளையாவதில்லை. இரண்டுக்கும் தாய் ஒன்று, அவ்வளவுதான். மூன்றாம் வாரத்தில் கரு மூன்று அடுக்காக இருக்கிறது. வெளி அடுக்கான புறப்படையின் நடுப்பட்டை நரம்பு மண்டலமாகிறது, ஓரங்கள் தோலாகின்றன. அந்த நடுப்பட்டைக்கு நேர் கீழே முதுகுநாண் என்ற மெல்லிய கம்பி போன்ற அமைப்பு ஓடுகிறது. மேலிருக்கும் அடுக்குக்குத் திசை சொல்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இதன் பின்னாலுள்ள ஆராய்ச்சியை நான் ஒருபோதும் விட்டுவிடுவதில்லை. 1924-இல் ஹான்ஸ் ஸ்பீமனும் ஹில்டே மங்கோல்டும், நியூட் என்ற நீர்ப்பல்லியின் கருவிலிருந்து ஒரு துளி திசுவை எடுத்து இன்னொரு கருவின் வயிற்றுப்பக்கம் ஒட்டினார்கள். அங்கே இரண்டாவதாக ஒரு நரம்புக் குழலே உருவானது. ஸ்பீமனுக்கு 1935-இல் நோபல் பரிசு கிடைத்தது. கையால் அந்த நுட்பமான வேலையைச் செய்த மங்கோல்டு, கட்டுரை வெளிவந்த ஆண்டிலேயே ஒரு தீ விபத்தில் இறந்துவிட்டார். அந்தத் துளி திசு என்ன சொல்கிறது என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெரிந்தது. ‘நரம்பாகு’ என்று அது கட்டளையிடுவதில்லை. ‘தோலாகு’ என்று புறப்படைக்கு வந்துகொண்டிருக்கும் செய்தியைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட செல்கள் நரம்பின் பாதையில் போகின்றன.

அடுத்து, தட்டின் நடுவில் பள்ளம் விழுகிறது, இரண்டு ஓரங்களும் வரப்பு மாதிரி எழும்பி ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. 22-ஆம் நாளை ஒட்டி, பின்னாளில் கழுத்தாகப் போகும் பகுதியில் அவை ஒட்டத் தொடங்கி, அங்கிருந்து இரண்டு திசையிலும் மூடிக்கொண்டே போகின்றன. தலைப்பக்கத் துளை 25-ஆம் நாள் வாக்கில் மூடுகிறது, வால்பக்கத் துளை 28-ஆம் நாளுக்குள். இப்போது கையில் இருப்பது ஒரு மூடிய குழாய்: நரம்புக் குழல்.

9. டாக்டர் ஆறு வாரம்னு சொல்றாங்க, புத்தகத்துல நாலு வாரம்னு போட்டிருக்கு. யார் சொல்றது தப்பு?

யாரும் தப்பில்லை. மருத்துவர் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார், ஏனென்றால் அந்தத் தேதிதான் பெண்ணுக்கு நினைவிருக்கும். கருவியல் புத்தகம் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுகிறது. இரண்டுக்கும் ஏறக்குறைய இரண்டு வார வித்தியாசம். மருத்துவரின் கணக்கைக் கீழே ‘கர்ப்ப வாரம்’ என்று எழுதுகிறேன்.

இதை ஒழுங்காகப் புரிந்துகொள்வது முக்கியம், காரணம் அடுத்த கேள்வியில் வருகிறது. மாதவிடாய் தள்ளிப்போனதைக் கவனிக்கும் நாளில் கருவுக்கு வயது சுமார் இரண்டு வாரம். அதற்குச் சில நாட்களில் நரம்புத் தட்டு தோன்றுகிறது. அடுத்த பத்து நாளில் குழல் மூடி முடிந்துவிடுகிறது.

10. ஃபோலிக் அமில மாத்திரையைக் கர்ப்பம் உறுதியான பிறகு ஆரம்பிச்சா போதாதா?

பலருக்கு அது தாமதம். முந்தைய கேள்வியின் தேதிகளைப் பாருங்கள்: கர்ப்பம் என்று தெரிந்து, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்குவதற்குள் குழல் மூடியிருக்கும். அதனால்தான் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள்.

குழல் மூடாமல் போனால் என்ன ஆகும் என்பது எந்த முனை என்பதைப் பொறுத்தது. தலைப்பக்கம் மூடாவிட்டால் பெருமூளையும் மண்டையோட்டின் மேற்பகுதியும் உருவாகாது. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. கீழ்ப்பகுதி மூடாவிட்டால் முதுகெலும்பு பிளந்து தண்டுவடம் வெளிப்படும் குறை, அதாவது ஸ்பைனா பிஃபிடா, வருகிறது. அதன் கடுமை குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தையைச் சுமந்த பெண்களிடம் ஏழு நாடுகளில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 1991-இல் வெளியானது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு இந்தக் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இந்த அதிக அளவை மருத்துவர் சொல்லாமல் யாரும் எடுக்கக் கூடாது.

எல்லாக் குறைகளையும் இந்த மாத்திரை தடுத்துவிடாது. மரபணுக்கள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், சில வலிப்பு மருந்துகள் என்று வேறு காரணங்களும் உண்டு. இப்படி ஒரு குழந்தையை இழந்த ஒரு தாய் என்னிடம், ‘நான் மாத்திரையை மறந்ததாலதானா?’ என்று கேட்டார். ஒருவருடைய கர்ப்பத்தில் இதுதான் காரணம் என்று விரல் நீட்ட முடியாது. அந்தப் பழியை அவர் சுமக்கத் தேவையில்லை.

11. ஒரு நேரான குழாய் எப்படி இந்த வடிவத்துக்கு வருது?

உப்பியும், வளைந்தும், சில இடங்கள் மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்தும். நான்காம் வாரத்தில் குழலின் தலைப்பக்கம் மூன்று இடத்தில் உப்புகிறது. முன்மூளை, நடுமூளை, பின்மூளை என்பவை இவைதான். ஐந்தாம் வாரத்தில் முதலாவதும் மூன்றாவதும் இரண்டிரண்டாகப் பிரிய, மொத்தம் ஐந்து. முன்மூளையின் முன்பாதியிலிருந்து பெருமூளை அரைக்கோளங்கள், பின்பாதியிலிருந்து தலாமஸும் ஹைப்போதலாமஸும். நடுமூளை பிரியாமல் அப்படியே நிற்கிறது. பின்மூளையின் மேற்பாதி பான்ஸையும் சிறுமூளையையும் தருகிறது, கீழ்ப்பாதி முகுளமாகிறது. இதற்கிடையில் குழல் மூன்று இடத்தில் மடங்கியும் விடுகிறது. நான்கு கால் பிராணிகளில் மூளை ஏறக்குறைய முதுகின் நேர்கோட்டில் இருக்க, நமக்கு முன்மூளை முன்னோக்கிச் சாய்ந்து நிற்பது இந்த மடக்கால்தான்.

அரைக்கோளங்கள் வளரும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவை முன்னும் பின்னும் வளர்ந்து, பிறகு பின்பக்கத்திலிருந்து கீழிறங்கி, மறுபடி முன்னோக்கி வருகின்றன, ஆட்டுக்கடாவின் கொம்பு சுருள்வதுபோல. அப்படிச் சுருண்டு வந்த நுனிதான் பொட்டு மடல். அதனால் உள்ளே இருப்பவையும் கூடவே வளைந்துவிட்டன. திரவம் நிறைந்த பக்கவாட்டு அறை, காடேட் உட்கரு என்ற வால்போன்ற நியூரான் திரள், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸிலிருந்து கிளம்பும் ஃபோர்னிக்ஸ் என்ற இழைக் கற்றை எல்லாமே வளைந்த கொம்பு வடிவில் இருப்பது இதனால்தான். சுருளின் நடுவில் வளராமல் பின்தங்கிய ஒரு திட்டைச் சுற்றியிருந்த மடல்கள் மூடிவிட்டன. அந்தத் திட்டுதான் இன்சுலா. மடல்களை விலக்கிப் பார்த்தால்தான் அது கண்ணில் படும். ஒரு களிமண் குழாயை எடுத்து இதே வரிசையில் உப்பவும் வளைக்கவும் செய்து பாருங்கள். எந்தப் படமும் தராத தெளிவு அதில் கிடைக்கும்.

12. மூளைக்குள்ள வெற்று அறைகள் இருக்காமே? அது எதுக்கு?

குழாய்க்கு நடுவில் ஒரு துவாரம் இருக்கும் அல்லவா, அதுவேதான். குழாய் எங்கெல்லாம் உப்பியதோ அங்கெல்லாம் துவாரமும் விரிந்து அறையானது. இரண்டு அரைக்கோளங்களுக்குள் ஆளுக்கு ஒரு பக்கவாட்டு அறை, தலாமஸ்களுக்கு நடுவில் மூன்றாவது, பான்ஸுக்கும் சிறுமூளைக்கும் இடையில் நான்காவது. உப்பாமல் நின்ற நடுமூளையில் மட்டும் அது குறுகிய கால்வாயாகவே தங்கிவிட்டது. 3-ஆம் கேள்வியில் சொன்ன திரவம் பெரும்பாலும் இந்த அறைகளில் சுரந்து, இவற்றின் வழியே வெளியேறுகிறது. அந்தக் குறுகிய கால்வாய் அடைபட்டால் மேலே உள்ள அறைகள் வீங்கும். குழந்தைகளின் தலையில் நீர் கோர்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

13. கண்ணு மூளையோட ஒரு பாகம்னு சொன்னீங்களே, அது சும்மா உவமைதானே?

உவமை இல்லை. நான்காம் வாரத்தில் முன்மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு குமிழ் வெளியே நீள்கிறது. அதன் நுனி கிண்ணமாகக் குழிந்து விழித்திரையாகிறது, காம்பு பார்வை நரம்பாகிறது. லென்ஸ் மட்டும் மேலிருக்கும் புறப்படையிலிருந்து வருகிறது. மூளையின் உறைகள் பார்வை நரம்பையும் சுற்றியிருக்கின்றன. அதனால் மண்டைக்குள் அழுத்தம் கூடினால், கண்ணுக்குள் பார்க்கும் மருத்துவருக்கு அந்த நரம்பின் தலை வீங்கியிருப்பது தெரிகிறது. கை நரம்பு வெட்டுப்பட்டால் ஓரளவு திரும்ப வளரும். பார்வை நரம்பு வளராது, ஏனென்றால் அது மூளையின் திசு.

பிட்யூட்டரி சுரப்பி இதற்கு எதிர்மாதிரி. அதன் பின்பாதி ஹைப்போதலாமஸிலிருந்து இறங்கியது, முன்பாதி கருவின் வாய்க்கூரையிலிருந்து மேலேறி வந்து சேர்ந்தது. ஒரே சுரப்பி, இரண்டு பிறப்பிடம். வேலை செய்யும் முறையும் இரண்டு பாதிக்கும் வேறுவேறு.

14. கோடிக்கணக்கான செல்கள் தன் இடத்துக்கு எப்படிப் போய்ச் சேருது?

பெருமூளையில் நியூரான்கள் பிறக்கும் இடம் வேறு, வாழும் இடம் வேறு. பிறப்பது அறையின் சுவரை ஒட்டிய உள் ஓரத்தில். அங்கிருந்து வெளி ஓரம் வரை, கூடாரக் கம்புகள் மாதிரி, ஆரக் கிளியா என்ற செல்களின் நீண்ட இழைகள் நிற்கின்றன. புதிதாகப் பிறந்த நியூரான் அந்த இழையைப் பற்றிக்கொண்டு வெளியே ஏறுகிறது. அந்த ஆரக் கிளியா செல்களே பிரிந்து நியூரான்களையும் பெற்றுத் தருகின்றன என்பது பின்னால் தெரிய வந்தது. செல்கள் இப்படி வெளியே குடிபெயர்ந்ததால்தான் பெருமூளையில் சாம்பல் வெளிப்பக்கம், வெள்ளை உள்ளே.

இன்னொரு விஷயம். முதலில் பிறந்தவை உள் அடுக்கில் தங்குகின்றன. அடுத்தடுத்துப் பிறப்பவை அவற்றைத் தாண்டிப் போய் வெளியே அமர்கின்றன. ஆறு அடுக்குப் புறணியில், மிக வெளியே உள்ள முதல் அடுக்கைத் தவிர, மற்றவை உள்ளிருந்து வெளியே கட்டப்படுகின்றன. அதோடு எல்லா நியூரான்களும் இந்த ஏணியில் ஏறுவதில்லை. மற்றவற்றை அடக்கி வைக்கும் வகை நியூரான்கள் வேறு இடத்தில் பிறந்து பக்கவாட்டில் நகர்ந்து வந்து கலக்கின்றன.

இந்தப் பயணம் கெட்டால் விளைவு பெரியது. நகர்வுக்குத் தேவையான ஒரு மரபணு பழுதானால் புறணி தடித்து, மடிப்பில்லாமல், வழவழப்பாக நின்றுவிடும். நியூரான்களைப் பிரசவிக்கும் செல்களே அழிந்தால் மூளை சிறுத்துப்போகும். 2015-16-இல் பிரேசிலில் சிக்கா வைரஸ் பரவியபோது பல குழந்தைகள் சிறிய தலையோடு பிறந்ததற்கு அதுதான் காரணம். மதுவும் இந்தச் செல்களைக் கொல்லும், நகர்வைக் குலைக்கும். கர்ப்பத்தில் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்றும் நிர்ணயிக்கப்படவில்லை.

15. அஞ்சாம் மாச ஸ்கேன்ல குழந்தையோட மூளை வழவழன்னு இருக்கு. மடிப்பே இல்லை. பயமா இருக்கு.

அந்த வயதில் அப்படித்தான் இருக்க வேண்டும். 20 கர்ப்ப வாரத்தில் பக்கவாட்டுப் பெரும்பள்ளமும் வேறு சிலவும் மட்டுமே தெரியும். மற்ற மடிப்புகள் கடைசி மூன்று மாதத்தில்தான் வேகமாக வருகின்றன. 14-இல் சொன்ன வழவழப்பான மூளை என்ற குறையை, மடிப்பு வந்திருக்க வேண்டிய வாரம் தாண்டிய பிறகே முடிவு செய்ய முடியும். ஸ்கேன் அறிக்கையில் சந்தேகம் எழுதியிருந்தால் மட்டும் மருத்துவரிடம் விளக்கம் கேளுங்கள்.

16. வயித்துக்குள்ள குழந்தை நாம பேசுறதைக் கேக்குமா? யோசிக்குமா?

கேட்கும், ஆனால் முதல் மாதத்திலிருந்து இல்லை. 25 முதல் 28 கர்ப்ப வாரங்களில் ஒலிக்கு அசைவாகவோ இதயத் துடிப்பு மாற்றமாகவோ பதில் வருகிறது. தலாமஸிலிருந்து வரும் இழைகள் புறணிக்குள் நுழைவதும் ஏறக்குறைய இதே காலத்தையொட்டித்தான். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் வேறு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலை விரும்பித் தேர்ந்தெடுப்பதை 1980-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஏழு, எட்டு வாரக் கரு அசைகிறது என்றதும் அது யோசித்து அசைகிறது என்று எண்ணிவிடக் கூடாது. அப்போது இயங்குவது தண்டுவடமும் மூளைத்தண்டும்தான். யோசனை என்று நாம் சொல்வதற்குத் தேவையான புறணியின் இணைப்புகள் அந்த வயதில் இல்லை.

17. பிறக்கும்போதே எல்லா நியூரானும் இருக்குன்னா, அப்புறம் மூளை ஏன் வளருது?

பெருமூளைக்கு அது கிட்டத்தட்ட உண்மை. சிறுமூளையின் குறுணை நியூரான்கள் மட்டும் பிறந்த பிறகும் மாதக்கணக்கில் உருவாகின்றன. பிறக்கும்போது 350 முதல் 400 கிராம் இருக்கும் மூளை, ஆறு வயதில் பெரியவர்களின் அளவில் 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. இந்த வளர்ச்சி பெரும்பாலும் நியூரான்களின் கிளைகள், இணைப்புகள், அவற்றுக்குத் துணை நிற்கும் கிளியல் செல்கள், மையலின் உறை ஆகியவற்றால்.

இணைப்புகள் முதலில் தேவைக்கு மேல் உருவாகி, பிறகு பயன்படாதவை களையப்படுகின்றன. பார்வைப் புறணியில் முதல் வருடத்திலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகின்றன. நெற்றி மடலின் முன்பகுதியில் களையெடுப்பு வளரிளம் பருவம் தாண்டியும் நடக்கிறது. மையலின் உறை விழுவதும் அங்கே கடைசியில்தான், இருபது வயதுகள் வரை. கைக்குழந்தையின் உள்ளங்காலை வருடினால் கட்டைவிரல் மேல்நோக்கி விரிவதைப் பார்த்திருப்பீர்கள். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதைக்கு இன்னும் உறை முழுமையாகவில்லை என்பதன் அடையாளம் அது. அதே அசைவு பெரியவருக்கு வந்தால் நோய்க்குறி.

18. உச்சிக்குழியைத் தொட்டா மூளை பாதிக்குமா?

மெதுவாகத் தொட்டால், குளிப்பாட்டினால், துடைத்தால் ஒன்றும் ஆகாது. அங்கே எலும்பு இன்னும் சேரவில்லையே தவிர, உறுதியான சவ்வு மூடியிருக்கிறது. பின்பக்கக் குழி இரண்டு, மூன்று மாதத்திலும், முன்பக்கக் குழி பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள்ளும் மூடும், இரண்டு வயது வரைகூட ஆகலாம். அழாமல் அமைதியாக இருக்கும்போதும் அது புடைத்து நின்றாலோ, ஆழமாகக் குழிந்து போனாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

19. மூளைக்கு வலியே தெரியாதுன்னா, தலைவலி எங்கேர்ந்து வருது?

மூளைத் திசுவில் வலி உணரும் நரம்பு முனைகள் இல்லை. அதனால்தான் நோயாளியை விழிப்போடு வைத்தே, பேசவைத்துக்கொண்டே மூளை அறுவை செய்ய முடிகிறது. மான்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு இப்படிச் செய்துதான் புறணியில் உடலின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை உருவாக்கினார். வலி வருவது மூளையைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து: டியூரா என்ற தடித்த வெளி உறை, பெரிய ரத்தக் குழாய்கள், கழுத்துத் தசைகள். டியூராவின் பெரும்பகுதிக்கு உணர்வு தருவது முகத்துக்கு உணர்வு தரும் அதே ஐந்தாம் மண்டை நரம்பு. உள்ளே எழும் வலி நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் தெரிவது அதனால்.

20. பெரியவங்களுக்குப் புதுசா நியூரான் உருவாகுமா, ஆகாதா? ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க.

அறிவியலாளர்களே இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. 1998-இல் ஒரு குழு, பெரியவர்களின் ஹிப்போகாம்பஸில் புதிய நியூரான்களைக் கண்டதாகச் சொன்னது. 2013-இல் இன்னொரு குழு, அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை வைத்து நியூரான்களின் வயதைக் கணக்கிட்டு அதை ஆதரித்தது. 2018-இல் சில வார இடைவெளியில் இரண்டு கட்டுரைகள் வந்தன, ஒன்று இல்லை என்றது, மற்றது உண்டு என்றது. வாதம் ஹிப்போகாம்பஸைப் பற்றித்தான். பெருமூளைப் புறணியைப் பொறுத்தவரை, 17-இல் சொன்னபடி, பிறக்கும்போது இருந்த நியூரான்களோடுதான் வாழ்நாள் முழுக்க வாழ்கிறோம். ‘புது நியூரான் வளர்க்கும்’ என்று விற்கப்படும் எதையும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

21. ரெண்டு பாதியையும் இணைக்கிற கார்பஸ் கலோசம் இல்லாமலே சிலர் பிறந்து சாதாரணமா இருக்காங்களாம். ஆனா பெரியவங்களுக்கு அதை வெட்டினா பாதிப்பு வருதாம். ஒரே பாகம் இல்லாததுக்கு ரெண்டு விளைவு எப்படி?

நான் எதிர்பார்த்துக் காத்திருக்கும் கேள்வி இது. கார்பஸ் கலோசம் என்பது இருபது கோடி போன்ற இழைகள் சேர்ந்த பாலம். கடும் வலிப்பைக் கட்டுப்படுத்த அதை வெட்டிய நோயாளிகளை மூளை ஆய்வாளர் ரோஜர் ஸ்பெர்ரியும் அவரது குழுவும் ஆராய்ந்தார்கள். இடது கையால் தடவி உணர்ந்த பொருளின் பெயரை அவர்களால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் உணர்ந்தது வலது பாதி, பேசுவது இடது பாதி. 5-ஆம் கேள்வியில் சொன்ன தாண்டலும் மொழிச் சாய்வும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன. ஸ்பெர்ரிக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிறவியிலேயே பாலம் இல்லாதவர்களுக்கு இந்தப் பிளவு பெரும்பாலும் இப்படித் தெரிவதில்லை. சிலருக்கு வேறு குறைகளும் சேர்ந்து கடுமையான பாதிப்பு உண்டு. சிலருக்கோ வேறு காரணத்துக்கு ஸ்கேன் எடுக்கும்போதுதான் இது தெரியவே வருகிறது, நுணுக்கமாகச் சோதித்தால் மட்டும் சில சிரமங்கள் வெளிப்படும். காரணம் காலம். இந்தப் பாலத்தின் இழைகள் மூன்றாம் மாதத்தில் நடுக்கோட்டைத் தாண்டத் தொடங்குகின்றன. தாண்ட வழி கிடைக்காதபோது அவை செத்துப்போவதில்லை. திரும்பி, தங்கள் பக்கத்திலேயே முன்னும் பின்னுமாக ஓடும் ஒரு தடித்த கற்றையாகிவிடுகின்றன. மற்ற சிறிய பாலங்கள் அதிகச் சுமையை ஏற்கின்றன, மூளையின் மீதிப் பகுதி அந்த அமைப்போடு சேர்ந்தே இணைப்புகளைக் கட்டிக்கொள்கிறது. பெரியவரின் மூளை பாலத்தை நம்பி ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டது. அதில் பாலத்தை மட்டும் எடுத்தால் இரு கரையும் தனித்து நிற்கின்றன.